நாலாம் நாள் வானம்

போர்டைப் பாத்துட்டுதான் வாரியளா தம்பி? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. உக்காருங்க, பெஞ்சைத் துடைச்சுதான் போட்டிருக்கேன். கப்பல் இன்னைக்கு இல்ல, நாளைக்குத்தான்னு கப்பல் கட்டுற ஜெட்டியில எழுதித் தொங்கவிட்டிருக்கானுவ, அதானே? ஏன்னு கேட்டியளா? கேட்டா என்ன சொல்லுவான், காத்து வருதும்பான். எங்க வருது? நீங்களே கடலைப் பாருங்க. தாம்பாளத்துல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி கெடக்கு. இதுல கப்பல் விடப் பயமாம். குளிக்கிற தொட்டியில விடச் சொல்லணும் இவனுவளை.

டீ குடிங்க. நல்லா ஆத்திக் குடிங்க, அவசரம் என்ன, நாளைக்கு வரைக்கும் இங்கனதானே இருக்கப் போறிய. நீங்க அந்த போன் டவர் ரிப்பேருக்கு வந்தவருதானே? நாலு நாளா உச்சியில தொங்கிக்கிட்டு இருந்தியளே, கடையிலேர்ந்து பாத்தேன். உங்ககிட்ட ஒரு குறை சொல்லணும். அது பொறவு. மொதல்ல இந்தப் போர்டு விஷயத்தை முடிச்சிருதேன்.

போர்டுல எழுதுறவன் யாருன்னு நெனைக்கிய? அந்தா மேட்டுல மஞ்சக் கட்டடம் தெரியுதுல்லா, அதான் வானிலை ஆபீஸ். அங்க ஒரு பய இருக்கான், புகழேந்தின்னு பேரு, திருவாரூர்ப் பக்கம். இருபத்தெட்டு வயசாகுது, இன்னும் மீசை ஒழுங்கா மொளைக்கல. வேலை என்னன்னு கேளுங்க. காலம்பற ஒரு பலூன், சாயந்திரம் ஒரு பலூன். ஊதிக் கட்டி மேல விடுதான். விட்டுட்டு அது போற வழியை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கான். இதுக்கு கவர்மெண்டு சம்பளம், குவார்ட்டர்ஸ். திருவிழாவுல பலூன் விக்கிறவனாவது கையை விட்டுப் போகாம பிடிச்சு வச்சிருப்பான்.

தெனமும் அந்தப் போர்டுல ஒரு துண்டுத் தாள் ஒட்டுவான். ஞாயித்துக்கிழமைன்னா பெரிய தாள், வரப்போற ரெண்டு வாரத்துக்கு முன்னோட்டமாம். மேல் வரி நாம இருக்கிற இந்த ஊருக்கு, கேம்பல்பேக்கு. அதுக்குக் கீழ நடுவுல கெடக்கிற தீவுகளுக்கு. கடைசி வரி போர்ட் பிளேருக்கு. என்ன எழுதியிருப்பான்னு நெனைக்கிய? பரவலா மழை பெய்ய வாய்ப்புண்டு, சில இடங்கள்ல பலத்த காத்து வீசக்கூடும். வாய்ப்புண்டு. கூடும். நாளைக்கு நீங்க கோடீஸ்வரன் ஆகக்கூட வாய்ப்புண்டு. நான் சினிமாவுல நடிக்கக்கூடும். இப்படி எழுதிக்கிட்டே போனா எவன்தான் தப்பாச் சொல்ல முடியும்? நானும் தெனமும் காலம்பற போய்ப் படிக்கேன். சிரிக்கணும்லா மனுசன்.

இந்த நாட்டுக்கே மழை மொதல்ல கால் வைக்கிற எடம் இதுதான் தம்பி. கேரளாவுக்குப் போகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே எங்க வாசல்ல வந்து செருப்பைக் கழட்டும். எங்களுக்கு மழையைப் பத்திச் சொல்லிக் குடுக்க ஒருத்தன் திருவாரூர்லேர்ந்து வாரான். எங்கப்பா ராணுவத்துல ஹவில்தார். ரிட்டையர் ஆனவங்களைக் கொண்டாந்து இங்க குடிவச்சாங்க, தலைக்குப் பதினோரு ஏக்கர். நான் கப்பல்லேர்ந்து இறங்கும்போது எனக்கு ஏழு வயசு, இப்ப அறுபத்துமூணு. இந்தக் கடலை இத்தனை வருஷமாப் பாத்தவன் நான். பய வந்து மூணு வருஷம் ஆகல.

சுனாமி வந்துச்சே, எவனாவது சொன்னானா? ஒருத்தனும் சொல்லல. என்னது, நானா? நான் எப்படிச் சொல்லுவேன்? அது கடலுக்கு அடியிலேர்ந்து வந்தது. மேகத்துல வாரதைத்தான் நான் சொல்லுவேன். அதுக்குக் கர்ப்போட்டம் பொறுப்பில்ல.

கர்ப்போட்டம் தெரியாதா? சரிதான். டவர் தெரியும், கர்ப்போட்டம் தெரியாது. எந்த ஊரு நீங்க? சேலமா. அங்கயும் உண்டு, கேட்டுப் பாருங்க. மார்கழி கடைசியில பதினாலு நாள். அப்பதான் வானம் கர்ப்பம் தரிக்குது. அந்தப் பதினாலு நாளும் மேகம் எந்தப் பக்கம் ஓடுது, தூறல் உண்டா, பனி உண்டா, வெயில் எப்படின்னு பாத்து எழுதிக்கிடணும். ஒவ்வொரு நாளும் அடுத்த வருஷத்துல ஒரு பதிமூணு பதினாலு நாளுக்குச் சமம். எங்கப்பா கணக்குப்படி மொத ரெண்டு நாள் சித்திரைக்கு, மூணாம் நாள் ரெண்டு மாசத்துக்கும் நடுவுல, நாலாம் நாள் வைகாசிக்கு. அந்த நாள் மேகம் மூட்டமா இருந்தா அந்த வாரங்கள்ல மழை. வெறும் வானமா இருந்தா மழை இல்ல. அவ்வளவுதான். பலூனும் வேண்டாம், குவார்ட்டர்ஸும் வேண்டாம். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போதும்.

இங்கன ஒரு விஷயம் கவனிக்கணும். கண்ட எடத்துல நின்னு பாக்கக் கூடாது. இந்தத் தீவுல எந்நேரமும் கடல் மேகம் குறுக்கும் நெடுக்கும் திரியும், இதைப் பாத்து என்னத்தைக் கணக்குப் போட? அதனால நான் போனதுக்கு முந்தின மார்கழியில எங்க சொந்த ஊருக்கே போனேன். திசையன்விளை பக்கம். அண்ணன் வீட்டு மொட்டை மாடியில பதினாலு நாள் உக்காந்து எழுதினேன். போர்ட் பிளேருக்குக் கப்பல்ல ரெண்டு நாள், அங்கேயிருந்து சென்னைக்கு மூணு நாள், பொறவு ரயில். வானம் பாக்கிறதுக்குன்னே போனேன். இவன் என்னடான்னா மேட்டுல ஏறி நின்னு பாக்கான்.

நோட்டு இந்தா, கல்லாவுக்குள்ளதான் கெடக்கு. பாருங்க. நாலாம் நாள். 'வானம் நிர்மலம். நீலம். மேகம் இல்லை. தூறல் இல்லை.' என் கையெழுத்துதான். அப்ப அடுத்து வந்த வைகாசி எப்படி இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.

இதைப் புகழேந்திகிட்டயும் காட்டினேன். தெனமும் டீக்கு இங்கதான் வருவான், வெக்கமில்லாத பய. பொறுமையா வாங்கிப் பாத்தான். பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டான். "அண்ணாச்சி, அந்த ஊர்ல எந்த வைகாசியில மழை பேஞ்சிருக்கு?"

எந்த வைகாசியிலயும் பேயாது. அது தேரிக்காடு, செம்மணல் பூமி, அங்க ஐப்பசி கார்த்திகையிலதான் மழை. அதைத்தான் நானும் சொன்னேன், அப்ப கணக்கு சரியாத்தானலே இருக்குன்னேன். நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு இன்னொரு டீ சொன்னான். படிச்ச பயலுவளை இப்படித்தான் மடக்கணும்.

என்ன அது படபடன்னு? ஒண்ணுமில்ல, தார்ப்பாய். ஒரு மூலையில கயிறு தளர்ந்திருக்கு. இதெல்லாம் காத்து இல்ல. நீங்க குடிங்க.

போன வருஷம் இதே சித்திரையில எம்மவ இங்க இருந்தா. ஆவுடைன்னு பேரு, ஒரே பிள்ளை. மாப்பிள்ளை ரத்தினவேல் போர்ட் பிளேர்ல கரண்ட் ஆபீஸ்ல இருக்காரு. தலைப்பிரசவம்லா, தாய் வீட்டுலதானே நடக்கணும். ஏழாம் மாசம் கடல் நல்லா இருக்கும்போதே போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, இங்க எதுக்குன்னு மாப்பிள்ளை இழுத்தாரு. நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குல்லான்னு சொன்னேன். அப்பா அம்மா இல்லாத பிள்ளை அவரு, வழக்கம் என்ன தெரியும்.

ஒன்பதாம் மாசம் வளைகாப்பு. அதையும் எங்க வீட்டுலயே வச்சிருதேன்னு நானே ஏத்துக்கிட்டேன். வைகாசி ஆறு, நல்ல நாள். ஊருல இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்லியாச்சு. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா பல்ஜீத் கௌருக்கும் சொல்லியாச்சு.

அப்ப பாத்து ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுது. பிரஷர் ஏறுது, காலு வீங்குது, பிரசவத்தை இங்க வச்சுக்கிட வேண்டாம், வைகாசி ஒண்ணாந்தேதிக் கப்பல்ல போர்ட் பிளேருக்கு அனுப்பிருங்கன்னுது. சரி, அனுப்புவோம். டாக்டர் சொன்னா நான் கேக்காதவனா? டிக்கெட்டும் நானேதான் எடுத்தேன். ஆனா ஒண்ணாந்தேதியேதான் போகணுமா? பதினொண்ணாந்தேதியும் ஒரு கப்பல் இருக்கு. ஆறாந்தேதி வளைகாப்பை முடிச்சிட்டு அதுல போனா என்ன? டாக்டரம்மா சரின்னுருக்கும். கெடுத்தவன் இந்தப் பலூன்காரன்தான். மூணாந்தேதியிலேர்ந்து கடல் கொந்தளிக்கும், பத்துப் பன்னெண்டு நாளைக்குக் கப்பல் ஓடாதுன்னு போர்டுல ஒட்டிட்டான். ஒட்டினதோட விட்டானா? வீடு தேடி வந்து வடிவுகிட்டயும் சொல்லிட்டுப் போயிட்டான். வடிவு என் வீட்டுக்காரி.

அதுக்கப்புறம் வீட்டுல ஒரே புலம்பல். நான் முத்தத்துல நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன், பின்னாலயே வந்து சொல்லுதா: "வானத்து வயித்தையே பாத்துக்கிட்டு நிக்கியளே, இங்கன உங்க மக வயிறு ஒண்ணு இருக்கு."

எப்படிப் பேசுதா பாருங்க. முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவ. எனக்கு வந்துச்சே கோவம். மீசை மொளைக்காத ஒருத்தன் வாய்ப்புண்டுன்னு எழுதினா எம்மவளுக்கு வளைகாப்பு நின்னு போகணுமா? ஊரைக் கூப்பிட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட நிக்க? ஒண்ணாந்தேதி காலம்பற நேரா கவுண்டருக்குப் போனேன். டிக்கெட்டு என் பேர்லதான் எடுத்தது, என் கையெழுத்தே போதும். கேன்சல் பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்தா ஆவுடை தலை சீவி, பூ வச்சு, பையைக் கதவுகிட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பதினொண்ணாந்தேதி போலாம்மா, அப்பா பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். பையைத் திறந்து துணியை ஒவ்வொண்ணா எடுத்துத் திரும்ப பீரோவுல அடுக்கினா. குழந்தைக்குன்னு தைச்சு வச்ச சின்னச் சின்னச் சட்டை எல்லாத்தையும். எங்க வீட்டுல பிள்ளைக அப்பன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாது தம்பி. அப்படி வளத்திருக்கேன்.

அன்னைக்குக் கப்பல் போகும்போது வெயில் மண்டையைப் பிளக்கு. இந்தா இங்கனதான் நின்னேன். புகழேந்தியைக் கூப்பிட்டேன். எலே, குடை கொண்டாந்தியா, நனைஞ்சிருவியேன்னு கேட்டேன். கடையில இருந்தவன்லாம் சிரிச்சான். அவன் சிரிக்கல. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டியளா அண்ணாச்சின்னு கேட்டான். ஆமாலேன்னேன். டீயை அப்படியே வச்சுட்டுப் போயிட்டான்.

மூணாந்தேதி சாயந்திரம் தெக்கே கறுத்துச்சு. மறுநாள் விடிஞ்சு பாத்தா ஜெட்டி மேல அலை ஏறி இறங்குது. ஆனா மழைன்னு சொல்லமுடியாது. சாரல். கொஞ்சம் பலமான சாரல். ஒன்பது நாளும் விடாம அடிச்ச சாரல்னு வச்சுக்கிடுங்களேன். அஞ்சாந்தேதி வர வேண்டிய கப்பல் வரல. அதுலதான் மாப்பிள்ளை வாரதா இருந்தாரு. வளையல் எல்லாம் அவருகிட்ட இருக்கு, போர்ட் பிளேர்ல டஜன் டஜனா வாங்கி வச்சிருந்தாரு. பந்தல் பிச்சுக்கிட்டுப் போய்த் தென்னையில தொங்குது. வந்தது ஏழெட்டுப் பொம்பளைக. அவங்கவங்க கையில கெடந்ததைக் கழட்டி எம்மவளுக்குப் போட்டாவ. பல்ஜீத் கௌரு கல்யாணத்துல இருந்து போட்டிருந்த வளையலைக் கழட்டப் பாத்துது, வரல, சோப்புத் தண்ணி போட்டுக் கழட்டிப் போட்டுது. ஆவுடைக்குக் கை வீங்கிப் போயிருந்ததால மணிக்கட்டுக்கு மேல ஏறல. அங்கேயே நின்னுக்கிட்டுது. ஆனாலும் வளைகாப்பு நடந்துச்சா இல்லையா? குறிச்ச நாள்ல நடந்துச்சு.

பெஞ்சை இப்படி உள்ள இழுத்துக்கிடுங்க தம்பி. உங்க பை நனையுது. இல்ல, இல்ல, இது சும்மா ரெண்டு சொட்டு. இந்த நேரத்துக்கு இப்படித்தான் தெளிக்கும்.

ஒன்பதாந்தேதி ஆவுடைக்குத் தலைவலி. கண்ணு மங்கலாத் தெரியுதும்மான்னா. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பாத்துட்டு வெளிய வந்துது. சுத்தி வளைச்சுப் பேசாது அது. "உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க வசதி இல்ல, ரத்தமும் இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போர்ட் பிளேர் போகலேன்னா ரெண்டு உயிருக்கும் நான் பதில் சொல்ல முடியாது."

பயந்துட்டேன். அதை ஒத்துக்கிடுதேன். வேற யாருகிட்டயும் சொன்னதில்ல, நீங்க நாளைக்குப் போயிருவிய, அதனால சொல்லுதேன். வராந்தாவுல நின்னு இந்த நோட்டைத் திறந்து நாலாம் நாளைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். வானம் நிர்மலம். நீலம். நிமிந்து பாத்தா தார் காய்ச்சி ஊத்தின மாதிரி கெடக்கு. எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கான்னு பாக்கேன், இல்ல. எம்மவ உள்ள முனங்குதா.

ஹெலிகாப்டர்தான் வழி. அது போர்ட் பிளேர்லேர்ந்து வரணும். இந்த மேகத்துல எந்த பைலட்டும் வரமாட்டான். எப்ப இறங்கலாம்னு இங்கேயிருந்து யாராவது சொல்லணும், அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் கிளம்பணும். யாரு சொல்லுவா? புகழேந்தி சொன்னான். பத்தாந்தேதி விடிஞ்சதும் அந்த மழைக்குள்ள ஒரு பலூனை விட்டானாம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அது போன போக்கை வச்சு என்னமோ கூட்டிக் கழிச்சு, ஒன்பதரைக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல மேகம் விலகும், ஒன்பதரைக்குத் தரையில இறங்குற மாதிரி வாங்கன்னு வயர்லெஸ்ல சொல்லிட்டான். வாய்ப்புண்டுன்னு சொல்லல. விலகும்னே சொன்னானாம். சொல்லிட்டு ஹெலிகாப்டர் இறங்குற மைதானத்துல நனைஞ்சுக்கிட்டே நிக்கான். பல்லு கிடுகிடுன்னு ஆடுது. குடை கூட இல்ல.

ஒன்பது இருபதுக்கு வடக்கே வெளுத்துச்சு. ஒன்பதரைக்கு ஹெலிகாப்டர் சத்தம்.

இப்ப ஊருல என்ன பேசுதாவ தெரியுமா? புகழேந்தியாலதான் ரெண்டு உயிரும் பொழைச்சுதுன்னு பேசுதாவ. கூட்டம் போட்டு அவனுக்குச் சால்வை வேற போத்தினாவ, பள்ளிக்கூடத்துல வச்சு. சவத்துப் பயலுவ, கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? வைகாசி பத்து எந்த நாள் கணக்குல வருது? நாலாம் நாள் கணக்குல. நாலாம் நாள் என்ன எழுதியிருக்கு? நிர்மலம். அந்த ஒன்றரை மணி நேரம் வானம் விலகிச்சுல்லா, அதுதான் அது. கணக்கு கொஞ்சம் சுருங்கிப் போச்சு, அவ்வளவுதான். சொன்னா எவனும் ஒத்துக்கிட மாட்டேங்கான்.

ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போகும்போது நான் கூடவே ஓடினேன். ஏறப்போற நேரத்துல ஆவுடை கண்ணைத் திறந்தா. கையைப் பிடிச்சேன். அந்த ரெக்கைச் சத்தத்துல எதுவும் கேக்காது, ஆனா அது எனக்குக் கேட்டுச்சு. "அப்பா, நான் செத்துப்போனா இதை எத்தனையாவது நாள்னு எழுதுவிய?"

பிரஷர் ஏறினா அப்படித்தான் தம்பி, நெனைப்பு தடுமாறும். என்னத்தையாவது பேசும். டாக்டரம்மாகிட்டயே கேட்டேன், தலைக்கு ஏறினா அப்படிப் பேசுவாவளான்னு. பேசலாம்னுது. அதனால நான் அதை மனசுல வச்சுக்கிடல.

கூட ஒரு ஆளுக்குத்தான் எடம். வடிவு ஏறினா. அன்னைக்குச் சாயந்திரமே பொம்பளைப் பிள்ளை பிறந்துட்டுது. தாயும் பிள்ளையும் சுகம். முகிலினின்னு பேரு வச்சிருக்காவ. முகில்னா மேகமாம், மாப்பிள்ளை ஆசைப்பட்டு வச்சது. பேர் வைக்கிற விசேஷம் முடிஞ்சு மறுநாள்தான் எனக்குத் தாக்கல் வந்துச்சு. மறந்திருப்பாவ. பிள்ளை பெத்த வீட்டுல ஆயிரம் வேலை இருக்கும்.

வடிவு இன்னும் அங்கதான் இருக்கா. சின்னக் குழந்தையைப் பாத்துக்கிட ஆள் வேணும்லா. பதினோரு மாசமாச்சு. கடையில நானே மாவு ஆட்டுதேன், நானே வடை போடுதேன். போன மார்கழியில ஊருக்கும் போகல, கடையை யாரு பாப்பா? இங்கேயும் எழுதல. நோட்டுல பாருங்க, வெறும் பக்கமாத்தான் கெடக்கும். அதனால ஒண்ணும் இல்ல, ஒரு வருஷம் விட்டா என்ன.

இப்ப உங்க கதைக்கு வாரேன். அந்த டவர் குறை. என் போனுக்கு மட்டும் போர்ட் பிளேர்லேர்ந்து கால் வரமாட்டேங்கு. மத்த எல்லாருக்கும் வருது. பல்ஜீத் கௌர் வீட்டுக்கு வடிவு வாராவாரம் போன் பண்ணுதா. நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுதேனா, நெஞ்சுவலின்னு ஏதும் சொன்னேனான்னு கேட்டாளாம். அந்த வீடு கொஞ்சம் மேடு, அதான் எடுக்குது. என் வீடு பள்ளம். நீங்க நாலு நாளா ரிப்பேர் பண்ணியும் இன்னும் எனக்கு ஒரு மணி அடிக்கல. இந்தாங்க, நீங்களே பாருங்க போனை. என்ன, நாலு கோடும் தெரியுதா? கோடு தெரிஞ்சா போதுமா தம்பி, மணி அடிக்க வேண்டாமா? நான் பண்ணினாலும் அங்க அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கு. என்ன ரிப்பேர் பண்ணினியளோ.

சரி, விடுங்க. உங்களால ஒரு உதவி ஆகணும். இந்தப் பொட்டலத்தைப் போர்ட் பிளேர்ல எம்மவ வீட்டுல குடுத்துரணும். விலாசம் மேல எழுதியிருக்கேன், ஜெட்டியிலேர்ந்து ஆட்டோவுல கால் மணி நேரம். பிரிச்சு வேணாலும் பாத்துக்கிடுங்க, தப்பா ஒண்ணும் இல்ல. குழந்தைக்குக் குல்லா. காதையும் சேத்து மூடுற மாதிரி, கீழ நாடா வச்சது. பல்ஜீத் கௌர்கிட்டச் சொல்லிப் பின்ன வச்சேன், நல்ல கம்பளி. வைகாசி பத்து வந்தா ஒரு வயசு, அந்த அளவுக்குத்தான் பின்னச் சொன்னேன். தலை பெருசா இருந்தா என்ன பண்ணன்னு தெரியல. நான் இன்னும் பாக்கலல்லா.

வேர்த்துக் கொட்டுற ஊருல கம்பளிக் குல்லா எதுக்குன்னு பாக்கிய. போர்டுல நீங்க மேல் வரியைத்தானே படிச்சிய, எல்லாரும் அதைத்தான் படிப்பாவ. கடைசி வரியைப் படிச்சியளா? இந்த மாசம் பதினொண்ணாந்தேதியிலேர்ந்து நாலு நாளைக்குப் போர்ட் பிளேர்ல மழைன்னு போட்டிருக்கான். காத்தும் இருக்குன்னு போட்டிருக்கான். பல்லு மொளைக்கிற பிள்ளை, சளி பிடிச்சா தாங்காது. பதினோரு மாசமாத் தெனமும் காலம்பற போய் அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டுத்தான் கடை திறக்கேன். அங்க மழைன்னா எனக்கு இங்க வேலை ஓடாது. அந்தப் பய ஒரு நாள் கூடத் தப்பாப் போடல தம்பி. இதை நீங்க அவன்கிட்டச் சொல்லிராதிய, தலைக்கனம் பிடிச்சுரும்.

பை நனைஞ்சுட்டுதா? உள்ள வைங்க, அடுப்புப் பக்கத்துல வைங்க. தார்ப்பாய் போனாப் போகுது, அது கெடக்கட்டும். இன்னைக்குக் கப்பல் விடாததும் நல்லதுக்குத்தான்.

பொட்டலத்தைக் குடுக்கும்போது ஆவுடை கேப்பா, மழை வரும்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்னு. வானத்தைப் பாத்துச் சொன்னாருன்னு சொல்லிராதிய. கர்ப்போட்டம்னு வாயைத் திறந்துராதிய. போர்டுல படிச்சாருன்னு சொல்லுங்க. அப்பதான் பிள்ளைக்குப் போட்டுவிடுவா.